அண்ணாவைப் பாடுவது எப்படி?

(இருங்காட்டுக்கோட்டையில் தொழிலாளத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



இவ்வூர் வழியே மேற்கே ஓடும் நெடுஞ்சாலையில்தான் காஞ்சிக்குச் செல்கிறோம். அக் காஞ்சியில் 1909-இல் எளிய நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணாவைப் பற்றியே இன்று பேச வந்தேன். ஆனால், புகழ்பாட வரவில்லை.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மாநகரின் யங் விக் அரங்கில் 'மண்டேலா' என்னும் இசைநாடகம் அரங்கேறியது. 27 ஆண்டுகள் சிறையில் வாடியவர், 1994-இல் தம் நாட்டின் தலைவரான வரலாறு அது. அதை அவர்கள் பாட்டாலும் ஆட்டத்தாலும் சொன்னார்கள். நமக்கு அப்படியொரு வாழ்க்கை இல்லையா? 1938-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைபுகுந்த இளைஞர், 1967 மார்ச்சில் முதலமைச்சர் ஆனார். சங்கரதாசு அடிகள் வளர்த்த இசைநாடகமும், மேடையில் பாடியதற்காகவே பலமுறை சிறைசென்ற விசுவநாததாசின் மரபும் நம்முடையவை அல்லவா?

பாட்டு மிகுந்திருந்த தமிழ்மேடையில் உரையாடலுக்கு அரியணை தந்தோருள் அண்ணாவே முதன்மையானவர். 'ஓர் இரவு' எழுதியவரும், 'சந்திரமோகன்' நாடகத்தில் காகப்பட்டராக நடித்தவரும் அவரே. அவரைப் பாட்டால் பாடுவது சற்று முரண்தான்! இருந்தால் இருக்கட்டும்.

என் அச்சம் வேறு. இந்நாடகத்தை எழுதப் புகுவோர் 1949-இல் இராயபுரத்தில் மழையில் கழகம் பிறந்ததைப் பாடுவர். 1967 வெற்றிக்குத் தாவிவிடுவர். இடையிலுள்ள 1963-ஐ மறைத்துவிடுவர். நாடகமே அங்கேதான் இருக்கிறது, தோழர்களே!

1962 மே திங்களில் மாநிலங்களவையில் நின்று தன்னுரிமை கேட்டார். அவ்வாண்டே, விலையேற்றத்தை எதிர்த்து வேலூர்ச் சிறையில் இருந்தபோது சீனப் படையெடுப்பு வந்தது. வெளியே வந்தவர் போருக்குத் துணைநின்றார். 1963-இல் பிரிவினை கேட்போர் தேர்தலில் நிற்க இயலாதவாறு அரசியலமைப்பின் 16-ஆம் திருத்தம் வந்தது. கழகம் திராவிடநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. கைவிட்டபோதும், கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றே அண்ணா சொன்னார். அவ்விரவு அவர் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்? அக்கோரிக்கைக்காகவே வீடுவாசல் மறந்த தொண்டன் என்ன நினைத்திருப்பான்? இருவரையும் ஒரே மேடையில் நிறுத்துங்கள். தலைவருக்கு ஒரு பண், தொண்டனுக்கு வேறொரு பண். எவர் பாட்டையும் தாழ்த்தாதீர்கள். அண்ணா செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழி இருந்தது என்று எளிதாகவும் சொல்லமாட்டேன்.

அடுத்த காட்சி, 1964 சனவரி 25: திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தமிழுக்காகத் தீக்குளித்த நாள். அங்கே பாட்டு வேண்டா. பறையொலி ஒன்றே போதும். 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சங்கரலிங்கனார் கேட்ட 'தமிழ்நாடு' என்னும் பெயர், 1967 சூலையில் சட்டமன்றத்தில் ஏற்கப்பட்ட காட்சி அதன்பின் வந்தால்தான், அந்தப் பெயரின் விலை மக்களுக்குப் புரியும். 1968 சனவரியில் பள்ளிகளிலிருந்து இந்தியை அகற்றிய இருமொழிக் கொள்கையும், 1969 பிப்பிரவரி 3-இல் அவர் மறைவும் விரைந்து சென்றால் போதும்.

பாடல்கள் கலப்பற்ற தமிழில் அமையட்டும். ஆனால், கன்வேயர் முன் நிற்கும் தோழனுக்கு அகரமுதலி தேடவேண்டிய தமிழாக அது இருக்கக்கூடாது.

பொருளுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு பறை, ஒரு குழல், ஓய்வுநாள் ஒன்று, இத்திடல். 1963-ஆம் ஆண்டுக் காட்சியை மட்டும் எழுதி எடுத்துவந்திருக்கிறேன். தொண்டனுக்குக் குரல்கொடுக்க ஒருவர் வேண்டும். பாடத் தெரிந்தோர் கூட்டம் முடிந்ததும் சற்று இருந்து செல்லுங்கள்.