கஞ்சாவின் கவிஞரும் பாகூவின் சிலையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

லைலா மஜ்னூன் என்ற பெயரை அறியாதார் இச்சபையில் ஒருவரும் இரார். அரபு மண்ணில் வாய்மொழியாக உலவிய அக்கதையைப் பெருங்காவியமாக்கியவர் நிஜாமி கஞ்சவி. இன்றைய அஜர்பைஜானிலுள்ள கஞ்சா நகரில் ஏறத்தாழ 1141ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். அரசவைகளைத் தேடி அலையாமல் சொந்த ஊரிலேயே வாழ்ந்து 1209 வாக்கில் மறைந்தார். ஷிர்வான் மன்னர் கேட்டபோது லைலா மஜ்னூனைப் பாடத் தயங்கியவர், மகன் முஹம்மது வற்புறுத்தியதால் இசைந்து, நாலாயிரத்திற்கும் மேற்பட்ட ஈரடிகளை நான்கு மாதத்திற்குள் முடித்தார் என்பர்.

அவருடைய ஐந்து நூல்களும் சேர்ந்து 'கம்ஸா' எனப்படும். இறைபுகழுடன் தொடங்கி, நபிபெருமானார் (ஸல்) அவர்களைப் போற்றி, மிஃராஜ் பயணத்தை வருணித்த பின்னரே கதைக்குள் நுழைவது அவர் வழக்கம். முதல் நூலாகிய 'மக்ஸனுல் அஸ்ராரில்' ஒரு மூதாட்டி சுல்தான் சஞ்சரை வழிமறித்து, அவருடைய அதிகாரி தனக்கிழைத்த கொடுமைக்கு நியாயம் கேட்கிறாள். மன்னனின் முகத்திற்கு நேரே, நீ காவலன் அல்லன் என்ற பொருளில் அவள் பேசும் பேச்சை எக்காலத்து ஆட்சியாளரும் கேட்டாக வேண்டும். நம் நாட்டு அமீர் குஸ்ரூ, நிஜாமியை ஆசானாகக் கொண்டு, 1298க்கும் 1302க்கும் இடையே தாமும் ஒரு கம்ஸா இயற்றினார்.

பாகூ நகரின் நடுவே இக்கவிஞருக்கு உயர்ந்த பீடத்தின் மீது வெண்கலச் சிலை நிற்கிறது. பீடத்தைச் சுற்றி அவருடைய காவியக் காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. வடித்தவர் ஃபுஆத் அப்துர்ரஹ்மானோவ், திறக்கப்பட்டது 1949இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1946இல், கஞ்சாவிலும் அதே சிற்பியின் சிலை நிறுவப்பட்டது. உருவச் சிலை எழுப்புதல் நம் மார்க்கத்தில் இல்லாத வழக்கம்; அதை நான் இங்கு மறைக்கவில்லை. ஆயினும் இவற்றை எழுப்பியவர் யார் என்பதே என் சிந்தனையைத் தூண்டியது.

எழுப்பியது சோவியத் அரசு. பாகூவை அடுத்துக் கடலோரத்தில் பல நூற்றாண்டு நின்ற பீபி ஹைபத் பள்ளிவாசலை 1930களில் தகர்த்த அதே அரசு! அஜர்பைஜானியர் தம் மொழியை எழுதிவந்த அரபு எழுத்தை நீக்கி 1920களில் லத்தீன் எழுத்தையும், 1940 வாக்கில் ரஷ்ய எழுத்தையும் புகுத்தியது. கஞ்சா நகரின் பெயரையே 1935இல் 'கிரோவாபாத்' என மாற்றியது. கஞ்சவி என்றால் கஞ்சாக்காரர் என்று பொருள். ஊர்ப்பெயரைப் பறித்துவிட்டு, அவ்வூர்ப்பெயரைச் சூடியவருக்கு அவ்வூரிலேயே சிலை!

எல்லாவற்றையும் கபடம் என்று தள்ளிவிடவும் என் மனம் ஒப்பவில்லை. 1941 அக்டோபரில், ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தபோது, ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் நிஜாமியின் 800ஆவது ஆண்டு விழா நடந்தது. போர்முனையிலிருந்து சில மணி நேர அனுமதி பெற்று வந்து உரையாற்றிவிட்டு, அறிஞர் சிலர் போர்முனைக்கே திரும்பினர். பசியும் குண்டுவீச்சும் சூழ்ந்த நகரில் எண்ணூறாண்டுக்கு முந்தைய ஒரு முஸ்லிம் கவிஞரைப் பேச வந்த அவர்களைக் கட்டாயத்தால் வந்தவர்கள் என்று எப்படிக் கூறுவது?

அவர் யாருடைய கவிஞர் என்ற வழக்கும் உண்டு. நூல்கள் யாவும் பார்ஸி மொழியில் இருத்தலால் ஈரானியர் தம்மவர் என்பர். பிறந்து அடங்கிய மண் தங்களது என்பர் அஜர்பைஜானியர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இவ்வழக்கில் நேரம் செலவிடுவதைவிட நூலைப் படிக்கலாம்.

கஞ்சா 1989இல் தன் பெயரைத் திரும்பப் பெற்றது. 1991இல் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே கவிஞரின் அடக்கத்தலமும் புதிதாகக் கட்டப்பட்டது. பீபி ஹைபத் பள்ளிவாசல் 1990களில் மீண்டும் எழுந்து, அங்கே தொழுகை நடக்கிறது. 2021ஆம் ஆண்டை அந்நாடு நிஜாமி ஆண்டாகக் கொண்டாடியது. எழுத்து மட்டும் திரும்பவில்லை. மீண்டும் லத்தீன் எழுத்தே வழங்குகிறது. சிலையடியில் விளையாடும் பாகூச் சிறுவன், அக்கவிஞர் எழுதிய மொழியையும் எழுத்தையும் தனியே கற்றாலன்றி, அவருடைய மூல ஏட்டில் ஓர் அடியையும் படிக்க இயலாது.