சுவரில் இருக்கும் கிடை மாடு
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம புது அலுவலகத்துக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கச் சுவரில் ஒரு பெரிய படம் இருக்கு. மேலூர்ப் பக்கம் அறுத்த வயலில் புழுதி கிளம்ப மாட்டு மந்தை போகுது. பின்னால கம்போட ஒருத்தர் நடக்கிறார். காகிதப் படம் இல்லை, அலுமினியத் தகட்டில் அச்சடிச்சது. மாட்ட வந்த தம்பியிடம் விவரம் கேட்டேன். முதல்ல தாளில் அச்சடிச்சு, அதைத் தகட்டு மேல வச்சு சூடேத்தி அழுத்துவாங்களாம். மை ஆவியாகி, தகட்டு மேல் பூச்சுக்குள்ள இறங்கிடுமாம். "ஈரத்துணியால துடைக்கலாம், கரையான் அரிக்காதுக்கா"ன்னார்.

திறப்பு விழா அன்னைக்கு எல்லாரும் அதுக்கு முன்னால நின்னு செல்ஃபி எடுத்தீங்க. நான் மாட்டை எண்ணிக்கிட்டு நின்னேன். எங்க வீட்டுப் பழக்கம் அது. நாங்க கிடை மாட்டுக்காரங்க.

படத்தில் இருக்கிறது புளிக்குளம் மாடு. சிவகங்கை மாவட்டத்துப் புளிக்குளம் ஊர்ப் பேருதான் அதுக்கு. 2012-ல் இதைத் தனி இனம்னு அரசாங்கம் பதிவு செஞ்சது. மானாமதுரையில் இதுக்குன்னே ஆராய்ச்சி நிலையமும் இருக்கு. வாடிவாசலில் துள்ளி வர்ற காளைகளில் பல இந்த இனம்தான். ஆனா பசுவில் பால் கறக்கிறது குறைவு. கன்னு குடிக்கத்தான் சரியா இருக்கும். எங்களுக்கு வரும்படி ரெண்டு வழியில்: காளைக் கன்னு விக்கிறது, கிடை போடுறது. அறுப்பு முடிஞ்ச வயலில் ராத்திரி மந்தையை அடைச்சா சாணியும் கோமியமும் மண்ணில் இறங்கும். வயல்காரங்க அதுக்குப் பணமோ நெல்லோ தருவாங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால மூணு உருப்படி சேர்க்கலாம்னு ஒரு வங்கிக்குப் போனேன். "ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?"னு கேட்டாங்க. மிச்சமில்லைங்கன்னேன். "கொட்டகை எங்க?" கொட்டகை கிடையாதுங்க, இன்னைக்கு யார் வயலோ அதுதான் கொட்டகைன்னேன். விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்துருச்சு. அவங்க படிவத்தில் பாலுக்குக் கட்டம் இருந்துச்சு, எருவுக்கு இல்லை.

குழுவில் வந்து சொன்னேன். அங்கேயும் சில பேர் தயங்கினாங்க. வரும்படி இல்லாத மாட்டுக்கு எதை நம்பி உள்கடன் கொடுக்கிறதுன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, குழுப் பணம் எல்லாருடைய பணம். அப்ப நெல் போடுற ஒரு அக்கா தன்னோட வரவு செலவு நோட்டை எடுத்து விரிச்சாங்க. போன சித்திரையில் செலவுப் பக்கம் 'கிடைக் கூலி'ன்னு எழுதியிருந்துச்சு. "நான் கொடுத்த காசு இந்தா இருக்கு. எனக்குச் செலவுன்னா அவளுக்கு வரவு இல்லையா?"ன்னு கேட்டாங்க. யாரும் பதில் பேசலை. அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு 30,000 ரூபாய் கொடுத்தாங்க. ஒரு தவணை தவறாம கட்டி முடிச்சேன்.

இன்னைக்கு எங்க கவலை வேற. படத்தில் இருக்கிற மாதிரி வயலில் பாதி பிளாட்டுக் கல்லா மாறுது. கண்மாய்க் கரையோரம் மேய்ச்சலும் சுருங்குது. 2022-ல் தமிழ்நாட்டுக் காடு முழுக்க மேய்ச்சலுக்கு ஐகோர்ட் தடை போட்டு, அந்த மாசமே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மட்டும்னு மாத்துச்சு. காட்டைக் காப்பாத்தணும், அதில் மாறுபாடு இல்லை. ஆனா 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும் இருக்கு. அதைக் கேட்டு கிராம சபையில் மனு வைக்கணும்னா தனி ஆளா முடியாது, கூட்டமா போகணும்.

இன்னொண்ணு. படத்தில் ஆம்பளை மட்டும்தான் தெரியுறார். அவர் தோளில் தொங்குற சோத்துத் தூக்கு ஒரு பொம்பளை கையில் இருந்து போனது. நோஞ்சான் கன்னை வீட்டில் வச்சுத் தேத்துறதும், கடன் வாங்கிக் கட்டுறதும் நாங்கதான்.

அதனால கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள். கடன் படிவத்தில் 'பால்' வரிக்குக் கீழே 'எரு வரவு'ன்னு ஒரு வரி சேருங்க. படத்துக்குக் கீழே 'கிராமத்து அழகு'ன்னு எழுதியிருக்கு. அழகுதான், இல்லைங்கலை. ஆனா அதை எடுத்துட்டு 'புளிக்குளம் கிடை மாடு'ன்னு எழுதுங்க. கடன் கேட்டு வர்ற பொண்ணு அதைப் படிச்சா, நம்ம மாட்டை இங்க தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு தைரியமா உள்ள வருவா.