பணிய லயத்தை விட்டு எழும்புமுன் போட வேண்டிய கணக்கு

(வட்டாரத் தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு தலைவர் எழும்பிக் கேட்டார்: "ஆத்தோரத்து லயத்துக்கு அரசாங்கம் காசு குடுத்து எங்களை எழுப்பப் போகுதுன்னா சங்கம் சரின்னு சொல்லுமா, வேணாம்னு சொல்லுமா?" அன்றைக்கு நேரம் போதவில்லை. இன்றைக்கு அதை மட்டும் பேசுகிறேன். சம்பளக் கதையைச் செயலாளர் பேசுவார்.

வெள்ளம் ஏறும் வீட்டை அரசாங்கம் விலைக்கு வாங்குவது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் 1993இல் மிசிசிப்பி ஆறு பெருகிய பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளை அப்படி வாங்கினார்கள். செலவில் பெரும்பாலும் 75 சதவீதத்தை மத்திய அரசு கொடுக்கும். வீட்டுக்காரர் விரும்பினால்தான் விற்பனை. வாங்கிய வீட்டை இடிக்க வேண்டும், அந்தக் காணியை என்றைக்கும் வெளியாகவே விட்டுவைக்க வேண்டும் என்பது சட்டம். சார்லட் என்ற நகரம் 1999 முதல் 400க்கு மேற்பட்ட வீடுகளை வாங்கி, ஓடைக்கரையைத் திரும்ப ஓடைக்கே கொடுத்திருக்கிறது. ஆற்று வெள்ளத்துக்காக மத்திய அரசு முன்கூட்டிச் செலவழிக்கும் 1 டொலர், பின்னால் வரும் சேதத்தில் 7 டொலரை மிச்சப்படுத்துகிறது என்று அங்கே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

ஒன்றுக்கு ஏழு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஏழு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பகுதி, அழியாமல் தப்பிய கட்டடத்தின் விலையும் தளபாடத்தின் விலையும்தான். விலை கூடிய வீடு என்றால் மிச்சமும் கூட. அதே கோலை எங்கள் பணிய லயத்தில் வைத்து அளந்தால் என்ன வரும்? நூறு வருடத்துக்கு முன் கட்டிய பத்தடிக் காம்பிரா, மேலே தகரம், தகரத்துக்கு மேலே கல். அந்தக் கணக்குப்படி அது இடிந்தால் நாட்டுக்கு நட்டமே இல்லை! ஆகவே எங்களை எழுப்பிக் குடியேற்றுவது "கட்டுப்படியாகாத" வேலை என்று ஒரு கடதாசியில் எழுதிவிடலாம். இப்படி ஒரு கடதாசி வந்தால் யாரும் மலைத்துப்போக வேண்டாம். எதை எண்ணினீர்கள், எதை எண்ணாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள்.

எண்ணாமல் விடுவது என்ன? ஆறு பெருகிய வாரத்தில் பெரட்டுக்குப் போகாமல் இழந்த பேர். கோயில் மண்டபத்திலும் பாடசாலையிலும் படுத்த இரவுகள். என் வகுப்பறையையே எடுத்துக்கொள்ளுங்கள். லயத்தில் தண்ணீர் ஏறினால் சனம் பாடசாலைக்கு வரும், வரத்தான் வேண்டும். அத்தோடு பாடம் நிற்கும். லயத்துப் பிள்ளைக்கும் பாடமில்லை, மேட்டு லயத்துப் பிள்ளைக்கும் பாடமில்லை. கொப்பி நனைந்த பிள்ளை அடுத்த கிழமையும் வராது. சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் இது இரண்டு தடவை நடந்தால் அந்தப் பிள்ளையின் நிலைமை என்ன? இதற்கு எந்த அதிகாரியும் ரூபாயில் பெறுமதி போட்டதில்லை.

அடுத்தது உரிமை. வீட்டை வாங்குவது என்றால் விற்பவன் ஒருவன் இருக்க வேண்டும். லயத்தை விற்பது யார்? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது, காணி இன்றைக்கும் அரசாங்கத்தின் கணக்கில்தான் இருக்கிறது. நாலு தலைமுறையாகக் குந்தியிருக்கும் எங்களிடம் உறுதியும் இல்லை, பேர்மிட்டும் இல்லை. சட்டப்படி பார்த்தால் அரசாங்கம் தன் காணியைத் தானே வாங்கி, எங்களை வெளியே அனுப்புகிற மாதிரி ஆகிவிடும். இந்த விசயத்தில் சங்கம் உறுதியாக இருக்க வேண்டும். இருப்பவரைச் சொந்தக்காரராக எண்ணாத எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்து இல்லை.

இதற்கு உள்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2016 மே மாதம் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த பிறகு, மண்சரிவு அபாயப் பகுதிக் குடும்பங்களுக்கு வீடு கட்ட 12 இலட்சமும் காணி வாங்க 4 இலட்சமும் என்று ஒரு முறை வந்தது. விரும்பினால் 16 இலட்சத்துக்குள் கட்டிய வீடாகவே வாங்கலாம். குறை பல இருந்தாலும், தெரிவு சனத்தின் கையில் இருந்தது. இந்தப் பக்கம் மீரியபெத்தையைப் பாருங்கள். 2005இலும் 2011இலும் இடம் ஆபத்தானது என்று எச்சரிக்கை வந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. "சொல்லியும் போகவில்லை" என்று பத்திரிகையில் எழுதினார்கள். எங்கே போவது? போ என்று சொன்னவர் எவரும் இன்ன இடத்துக்குப் போ என்று காணியைக் காட்டவில்லை. உயிர் போன பிறகு, இரண்டு வருடம் கழித்து, மக்கள்தெனியவில் 75 வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த 75 வீட்டை 2011இல் கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்குமே தவிரக் கூடியிருக்காது. (மண்சரிவும் வெள்ளமும் வேறு வேறு என்பது தெரியும். ஆனால் பணிய லயத்துக்கு இரண்டும் ஒரே கானால்தான் வருகிறது.)

இனி ஆற்றுக்கு வருவோம். சனத்தை எழுப்பினால் ஆற்றுக்கு என்ன லாபம்?

மலைநாட்டு ஓடைகளுக்குக் கரையே இல்லாமல் போய்விட்டது. தேயிலையைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் நட்டார்கள், மிச்சத்தில் லயத்தைக் கட்டினார்கள், அதற்கும் மிச்சத்தில் நாங்கள் மரக்கறித் தோட்டம் போட்டோம். மழை பெய்தால் மண் நேராக ஓடைக்குப் போகிறது. அது எங்கே போய்ப் படிகிறது? பொல்கொல்ல அணை 1976இல் வேலைக்கு வந்தது. 1988 ஆகும்போது அதன் கொள்ளளவில் சுமார் 44 சதவீதத்தை மண் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு வருடத்தில்! கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் அந்த ஓயாக்களில்தான் இருக்கின்றன. கொழும்பில் லைட் எரிவதும் பைப்பில் தண்ணீர் வருவதும் எங்கள் ஓடைக்கரைகளோடு சம்பந்தப்பட்ட விசயம்.

கரையை விட்டு லயம் எழும்பி, அந்த இடத்தில் புல்லும் மூங்கிலும் மரமும் நின்றால் மண் அங்கேயே தங்கும், பெருகி வரும் தண்ணீர் பரந்து நின்று மெதுவாக இறங்கும், கிணற்றுக்கும் பீலிக்கும் ஊற்று இருக்கும். இதையெல்லாம் எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பழைய தேயிலையைப் பிடுங்கினால் புதுக் கன்று வைக்குமுன் மானாப் புல்லோ குவாட்டமாலாப் புல்லோ போட்டு மண்ணை ஆறவிடுவது எங்கள் கைவேலைதான். அதைத்தான் ஆற்றோரத்திலும் செய்யச் சொல்கிறோம். அதற்காக, பத்து லயத்தை எடுத்தால் களனி வெள்ளம் நின்றுவிடும் என்று மேடையில் யாரும் பேச வேண்டாம். பெருமழைக்கு அது காணாது. ஆழமாகப் பிளந்து இறங்கும் மலையை மரவேரும் பிடிக்காது.

நான் சொல்ல வருவது வேறு. லாபம் தண்ணீரோடு சேர்ந்து கீழே போகிறது, செலவு மட்டும் மேலே எங்களிடம் நிற்கிறது. ஆகவே இந்தக் காசைத் தோட்ட வீடமைப்புக்கென்று ஒதுக்கிய பணத்தில் இருந்து மட்டும் எடுக்கக்கூடாது. மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் பொறுப்பானவர்களும் பங்கு போட வேண்டும்.

செலவு என்று சொன்னேன். அதில் காசு ஒரு பங்குதான். புது வீடு மூன்று மைல் தள்ளி இருந்தால் ஏழு மணிப் பெரட்டுக்கு எப்படி வருவது? பிந்திப் போனால் அரைப் பேர். பிள்ளை மடுவம் எங்கே? மாட்டுப் பட்டி எங்கே? பத்துக் காம்பிரா சனம் பத்துத் திசைக்குப் போனால், வேலைக்குப் போகும் தாய் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடம் சொல்லிவிட்டுப் போவாள்? எங்கள் ஆட்கள் சிலர், "காசாகவே வாங்கிக்கலாம், நாங்க பாத்துக்குறோம்" என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இலட்சக் கணக்கில் காசு வரும் நாளில் அடகுக் கடைக்காரருக்கும் தெரியும், கடன் கொடுத்தவருக்கும் தெரியும். அது செலவழிந்த பிறகு திரும்பப் போக அந்த லயம்தான் இருக்கும். அதனால் முதலில் காணி, அதுவும் உறுதியோடு, கணவன் மனைவி இருவர் பெயரிலும். பிறகு வீடு. லயம் முழுவதும் ஒன்றாக எழும்ப வேண்டும்.

ஒல்லாந்தில் ஆற்றுக்கு இடம் விடும் பெரிய திட்டம் வந்தபோது, ஓவர்டீப் என்ற இடத்து விவசாயிகள் அதிகாரி வரும்வரை காத்திருக்கவில்லை. மண்மேடு போட்டு அதன்மேல் வீட்டையும் பட்டியையும் வைக்கலாம், மிச்சக் காணியில் ஆறு ஏறட்டும் என்று தாங்களே திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் அங்கே இடம் போதவில்லை, சிலர் வேறு ஊருக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் பேச்சு அவர்கள் வரைந்த படத்தில் இருந்து தொடங்கியது.

சனம் எழும்பிய லயத்தை அந்தக் கிழமையே இடிக்க வேண்டும். இது சிலருக்குப் பிடிக்காது என்று தெரியும். காம்பிரா கிடைக்காமல் மாமியார் வீட்டில் நெருக்கிப் படுக்கும் இளம் சோடிகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். காலியான காம்பிரா ஒரு மாதம் நின்றால் அதில் அடுப்பு எரியும், அடுத்த மாரியில் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாம் ஓட வேண்டும். இடித்த இடத்தில் திரும்பத் தேயிலை வைக்கவோ பங்களா ஹோட்டல் கட்டவோ கொடுக்கவும் கூடாது. ஆற்று ஒதுக்கு என்று பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். அங்கே புல் வைக்கிற, கான் வெட்டுகிற, கன்றுத் தவறணை பார்க்கிற வேலைக்கு முழுப் பேர் போட வேண்டும். சிரமதானம் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போகாதீர்கள்.

இன்றைக்கு ஒவ்வொரு தலைவருக்கும் தலைவிக்கும் ஒரு கொப்பி கொடுக்கிறோம். ஆற்றோரத்திலும் கானோரத்திலும் உள்ள லயங்களின் இலக்கம், காம்பிரா எத்தனை, குடும்பம் எத்தனை (ஒரு காம்பிராவில் மூன்று குடும்பம் என்றால் மூன்று என்றே எழுதுங்கள்), கடைசி மூன்று மழைக்காலத்தில் தண்ணீர் எத்தனை தடவை வாசற்படி ஏறியது, எத்தனை பேர் போனது, பிள்ளைகள் எத்தனை நாள் பாடசாலைக்கு வரவில்லை என்று குறியுங்கள். நாள் வரவு என் போன்ற ஆசிரியர்களின் இடாப்பில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். உங்கள் தோட்டத்தில் பத்திரமான மேட்டு நிலம் எது என்று வயதான கங்காணிமாருக்குத் தெரியும், அதையும் படமாக வரையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொப்பியோடு வாருங்கள்.