சமயப் பெயரும் சமய நெறியும்

(ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாள் இரவு நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அன்னை மாரியம்மன் திருவிழாவில் உரையாற்றும் வாய்ப்பினை நல்கிய ஆலய நிர்வாகத்தினர்க்கு என் நன்றி உரியது. திருவிழா மேடையில் புராண வரலாறு கூறுவது மரபு. இன்றிரவு அம்மரபினின்று சற்றே விலகி, நம் வீட்டு வாசல்வரை வந்துவிட்ட ஒரு பொருளைப் பற்றிப் பேச விழைகிறேன். இந்து, இஸ்லாமியர், கிறிஸ்துவர், நாத்திகர் என்று நாம் ஒருவர்க்கொருவர் சூட்டும் பெயர்கள் நம்மை எவ்வாறு பிரிக்கின்றன? அப்பிரிவினை வளரவிடாது தடுக்க இவ்வாலயம் என்ன செய்யலாம்? இவையே என் உரையின் பொருள்.

பெயர் வந்த வழி

‘இந்து’ என்னும் சொல் சிந்து ஆற்றின் பெயரைப் பாரசீகர் தம் நாவில் வழங்கியதால் பிறந்தது. நாயன்மாரும் ஆழ்வாரும் தம்மை அச்சொல்லால் குறித்துக்கொள்ளவில்லை. சிவனுக்கு அடியார் என்றும் திருமாலுக்கு அடியார் என்றும் சொல்லிக்கொள்வதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி இந்நாட்டிற்கு வந்தபோது நெஞ்சில் சுமந்து வந்தவை குலதெய்வங்களே. ஒரு குடும்பத்திற்கு மாரியம்மன், மற்றொரு குடும்பத்திற்கு முனீஸ்வரர், வேறொரு குடும்பத்திற்கு மதுரை வீரன். காடழித்துப் பால்மரம் நட்ட இடங்களில் ஒரு கல்லையும் ஒரு சூலத்தையும் நாட்டி, மஞ்சளும் குங்குமமும் இட்டு வணங்கினர். மக்கட்தொகைக் கணக்கெடுக்க வந்த அதிகாரியின் ஏட்டில் இத்தனை வழிபாடுகளுக்கும் ஒரே கட்டம். அக்கட்டத்தில் ஒரே சொல்.

அச்சொல்லால் நன்மை விளையாமல் இல்லை. வெவ்வேறு தெய்வங்களை வணங்கியோர் தாம் ஓரினம் என்று உணர்ந்தனர். ஆயினும் பெயர் ஒன்றானதால் மட்டும் மனம் ஒன்றாகிவிடவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. பழைய தோட்டங்களில் சாதிக்கொரு லயம் இருந்ததை முதியோர் அறிவர். உபயம் ஏற்பதிலும், பந்தியில் அமர்வதிலும் வேறுபாடு காட்டிய காலம் உண்டு. ஒரே சமயப் பெயரைச் சுமந்தவர்களே ஒருவரையொருவர் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பெயர் தானாக ஒற்றுமையைத் தராது என்பதற்கு நம் வரலாறே சான்று.

பெரட்டுக் களத்தில் கேட்கப்படாத கேள்வி

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அம்மன் கோயில் மட்டுமா இருந்தது? லாபுவிலும் ரந்தாவிலும் போர்ட்டிக்சனிலும் பகாவிலும் கத்தோலிக்கத் தமிழர் வாழ்ந்தனர். மெதடிஸ்ட் சபைத் தமிழரும் லுத்தரன் சபைத் தமிழரும் வாழ்ந்தனர். மளிகைக் கடை வைத்துக் கடன் ஏட்டில் எழுதிக்கொண்டு அரிசி தந்த தமிழ் முஸ்லிம்கள் இருந்தனர். தோட்டத்தின் எல்லையில் மலாய்க் கம்பங்கள் இருந்தன.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டபோது எவரும் சமயம் கேட்கப்படவில்லை. மழை பெய்து வேலை நின்றால் எல்லா வீட்டு அடுப்பும் ஒன்றாகவே அணைந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தோட்ட மக்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு சென்றபோது, அங்கே காலராவும் மலேரியாவும் எவருடைய சமயத்தையும் விசாரித்து வரவில்லை.

துன்பத்தில் மட்டுமன்று, முயற்சியிலும் அந்த ஒருமை இருந்தது. தனித்தனியே இயங்கிய தொழிற்சங்கங்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்தன. தோட்டத் துண்டாடலால் மக்கள் வீடும் வேலையும் இழந்து நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். தொழிலாளி செலுத்திய பங்குப் பணத்தில் கோயில் காசு, தேவாலயக் காசு என்ற பிரிவு இருந்ததில்லை.

கறுப்புச் சட்டையும் காவடியும்

நம்பிக்கை உடையோரைப் பற்றி மட்டும் பேசி, நம்பிக்கை அற்றோரை விட்டுவிடுதல் முறையன்று. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவிற்கு வருகை புரிந்தார். அதன்பின் சுயமரியாதைக் கருத்துகள் தோட்டங்களிலும் பரவின. தீமிதியும் காவடியும் வேண்டா என்றனர் அவ்வியக்கத்தினர். தெய்வ நிந்தனை என்று வெகுண்டனர் கோயில் அன்பர்கள். ஒரே லயத்தில் வாழ்ந்தோர் முகம் பாராது நடந்த நாள்கள் உண்டு.

இன்று அமைதியாக எண்ணிப் பார்ப்போம். கள்ளுக்கடையை ஒழிக்கவேண்டும் என்றார் கறுப்புச் சட்டைக்காரர். சைவப் பெரியாரும் அதையே சொன்னார். ஆலயங்களில் உயிர்ப்பலி கூடாது என்றார் சீர்திருத்தக்காரர். திருமுறை ஓதியவரும் அதையே வேண்டினார். பிள்ளைகளைப் பால்மரக் காட்டிற்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று இருசாராரும் மன்றாடினர். இத்தனை ஒற்றுமை இருந்தும் ‘ஆத்திகர்’, ‘நாத்திகர்’ என்னும் இரு சொற்கள் அவர்களை நெடுங்காலம் ஒரே பாயில் அமரவிடவில்லை.

இதை உணர்ந்தவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. சுயமரியாதைக் கொள்கையராகிய அவர், கொள்கைப் பூசலை வளர்ப்பதை விடுத்து, எல்லாச் சமயத்துத் தமிழரும் சமயம் சாராத் தமிழரும் ஒன்றுகூட ஒரு நாள் வேண்டும் என்று கருதி, 1952இல் தைப்பொங்கலைத் தமிழர் திருநாளாக அமைத்தார். அவ்விழா சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பேச்சு, கட்டுரை, விளையாட்டு, கலைநிகழ்ச்சி என வளர்ந்தது. கோயிலுக்கு வராதவரும், தேவாலயத்திற்குச் செல்பவரும், பள்ளிவாசலில் தொழுபவரும் அம்மேடையில் ஒன்றாக நின்றனர்.

1966இல் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அதற்குப் பெரிதும் உழைத்த தனிநாயகம் அடிகளார் ஒரு கத்தோலிக்கத் துறவியார். சைவ வைணவப் பக்தி இலக்கியத்தின் பெருமையை உலகறியச் செய்ததில் அவர்க்குப் பங்குண்டு. அவருடைய அங்கியைக் கண்டு ‘இவர் நம்மவர் அல்லர்’ என்று நாம் கதவடைத்திருந்தால் இழப்பு யாருக்கு?

இன்றைய நிலை

அந்தத் தோட்டங்கள் இன்று எங்கே? நீலாயிலும் லாபுவிலும் செண்டாயானிலும் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. எஞ்சிய தோட்டங்களில் செம்பனை. அங்கே உழைப்போரில் பலர் அயல்நாட்டவர். நாம் அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் குடிபெயர்ந்தோம். தோட்டத்தில் அண்டை வீட்டாரின் பசியையும் பிள்ளைகளின் பெயர்களையும் அறிந்த பின்னரே அவருடைய சமயத்தை அறிந்தோம். இன்றோ வாசலில் தொங்கும் மாவிலையையோ, சிலுவையையோ, அரபு எழுத்தையோ முதலில் காண்கிறோம். பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகிறோம்.

பெயர் முந்தி, மனிதர் பிந்தினால் என்ன நேரும்? 2020 ஜனவரியில், பள்ளிகளில் நடைபெறும் பொங்கல் விழா சமயச் சடங்கா, பண்பாட்டு விழாவா என்று நாடே வாதிட்டது. உழவின் பயனுக்கு நன்றி கூறும் ஒரு பானைச் சோற்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டியதாயிற்று.

அதனினும் துயரமானது நம் மாநிலத்துக் குடும்பம் ஒன்றின் வழக்கு. கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். மனைவி இந்துவாகவே இருந்தார். 2014இல் சிரம்பான் உயர்நீதிமன்றம் பிள்ளைகள் இருவரையும் தாயிடம் ஒப்படைத்தது. 2016இல் கூட்டரசு நீதிமன்றம் மகளைத் தாயிடமும் மகனைத் தந்தையிடமும் இருக்கப் பணித்தது. எவரையும் குற்றஞ்சாட்ட இதை நான் கூறவில்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரு வீடுகளில் வளரவேண்டியதாயிற்றே என்பதே என் வருத்தம். வேறொரு குடும்பத்தின் வழக்கில், வயது வராத பிள்ளைகளின் மதமாற்றத்திற்குத் தாய் தந்தை இருவரின் இசைவும் வேண்டும் என்று 2018 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் காட்டும் வழி அது. உறவைக் காக்கும் வழியை நாமன்றோ தேடவேண்டும்?

நீதிமன்றம் செல்லாத வழக்குகளும் நம்மிடையே உண்டு. தந்தை அம்மன் அடியார்; மகன் கிறிஸ்துவர் ஆகிவிட்டார். தந்தை மறைந்த வீட்டில், ‘அவன் கொள்ளி வைக்கக்கூடாது’ என்பார் ஒருவர். ‘நான் வைக்கமாட்டேன்’ என்பார் மகன். பிணம் கூடத்தில் கிடக்க, உறவினர் வாசலில் நின்று வாதிடுவர். மகனைச் சுமந்து கோயிலுக்கும் பள்ளிக்கும் நடந்த தந்தையின் தோள்களை அந்நேரத்தில் எவரும் நினைப்பதில்லை. குழி தோண்டவும் பாடை கட்டவும் தோட்டத்தில் எல்லாரும் கூடிய இனம், இன்று இறுதி ஊர்வலத்திலும் இரு கூறாகி நிற்பது நமக்குப் பெருமையா?

வாசலும் வேலியும்

‘அப்படியாயின் எல்லாச் சமயமும் ஒன்றென்று கலந்துவிடலாமா?’ என்று அன்பர் சிலர் வினவலாம். அதை நான் கூறவில்லை. நம் ஆலயத்திற்கு ஆகம முறை உண்டு. பள்ளிவாசலுக்கும் தேவாலயத்திற்கும் அவற்றின் ஒழுங்கு உண்டு. கருவறைக்குரிய விதி கருவறையில் இருக்கட்டும். சமயப் பெயர் இறைவனிடம் செல்வதற்கான வாசல். அதையே அண்டை வீட்டாரைத் தடுக்கும் வேலியாக்கும்போதுதான் தீங்கு நேர்கிறது.

2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நெகிரி செம்பிலானில் இந்துக்கள் 13.4 விழுக்காட்டினர். நாட்டின் பிற மாநிலங்களை நோக்க இது உயர்ந்த விகிதமே. ஆயினும் நம் மாநிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் வேறு பெயர் தாங்கியவர்கள். அவர்களை அறியாமல் இங்கே நாம் நல்வாழ்வு வாழ்தல் இயலுமா?

வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகிறது. பசித்து வருவோரிடம் அங்கே சாதியும் சமயமும் கேட்பதில்லை. அந்த நெறியைப் பின்பற்றி, ஆலய நிர்வாகத்தினர்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் அன்னதானப் பந்தியில் பசியன்றி வேறெதையும் நாம் பார்க்கவேண்டா. செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளியும், அவர் விரும்பி வந்தால், நம் விருந்தினரே.

இரண்டாவது, ஆலய மண்டபத்தில் நடைபெறும் மாலை வகுப்புகளில், பெற்றோர் இசைந்தால், எச்சமயத்துப் பிள்ளையும் சேர்ந்து பயிலட்டும். கணக்கிற்கும் அறிவியலுக்கும் சமயக் கட்டம் வேண்டியதில்லை. கறுப்புச் சட்டை அணிந்த ஆசிரியர் ஒருவர் கற்பிக்க முன்வந்தால் அவரையும் வரவேற்போம். அவர் சந்நிதிக்குள் வருவதும் வராததும் அவர் விருப்பம்.

மூன்றாவது, நம் பழைய தோட்டத்துக் குடும்பம் எதில் இறப்பு நேர்ந்தாலும், அக்குடும்பம் இன்று எப்பெயரைத் தாங்கியிருப்பினும், ஆலயத்தின் கூடாரமும் நாற்காலிகளும் பாத்திரங்களும் அங்கே செல்லட்டும், நாமும் செல்வோம். சடங்கு அவர்கள் முறைப்படி நடக்கட்டும். நாம் துணையாக நிற்போம்.

இவற்றிற்குப் பெருநிதி தேவையில்லை. ஆனால் அடுத்த செயலவைக் கூட்டத்தில் எவரேனும் எழுந்து, ‘அவர்கள் நம்மவர் அல்லரே’ என்று கேட்கக்கூடும். அப்போது ஒரே பெரட்டுக் களத்தில் நின்ற நம் முன்னோரை நினைவுகூர்ந்து மறுமொழி கூறுங்கள். அன்னையைத் தாய் என்றழைக்கும் நாம், அவள் ஈன்ற பிள்ளைகளில் சிலரை அயலார் என்று சொல்லத் துணியலாமா?

 அன்னை மாரியம்மனின் திருவருள் எல்லார்க்கும் ஆகுக.