பேர் வைக்காத பைக்

2020 மார்ச் கடைசி. எங்கள் தெருவில் ஒருத்தர் புது பைக் வாங்கினார். சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜை எல்லாம் ஆயிற்று. நம்பர் மட்டும் வரவில்லை. 25-ஆம் தேதி ஊரடங்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பூட்டு.

"என்ன தம்பி, பிள்ளைக்கு இன்னும் பேர் வைக்கலியா?" என்று கேட்டார் எதிர் வீட்டுப் பெரியவர்.

பதிவு செய்யாத வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் விடாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர் வாங்கியது பி.எஸ்.4 வண்டி, அதாவது பழைய புகை அளவுக்குச் செய்தது. 2020 ஏப்ரல் 1 முதல் அந்த ரகத்தை விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது. கெடு முடிய ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் ஆபீஸ் இல்லை!

வழக்கு நடந்தது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி நீதிமன்றம் வழிவிட்டது. மார்ச் 31-க்குள் விற்று, அரசின் வண்டிப் பதிவுக்கான 'வாகன்' இணையதளத்தில் விவரம் ஏற்றிய வண்டிகளைப் பதியலாம். டெல்லி வட்டாரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

ஆக, கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. விவரம் கணினியில் ஏறியதா என்று கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நம்ம ஆளுக்கும் நம்பர் வந்தது. ஆசையாக பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை.

பெரியவர் சொன்னார்: "பேர் வைக்கக் காத்திருந்து, பிள்ளை தூங்கிப் போச்சு தம்பி. பேட்டரியைக் கழற்று!"