பச்சையும் மூக்குத்தியும் வேலைக்குத் தடையா?

(கோட்டைக்குப்பம் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சேமிப்பு, கடன் பற்றிப் பேச வரவில்லை. நம் பிள்ளைகளின் வேலை பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஏரியை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல் நம்ம பெண்கள் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போறாங்க. அங்கே போனதும் கையில் இருக்கிற பச்சையைப் பார்ப்பாங்க, மூக்குத்தியைக் கழற்றச் சொல்வாங்க. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

முதலில் நம்மையே கேட்டுக்குவோம். நம்ம பாட்டிமார் கையில் கோலமும் தேளும் பச்சை குத்தியிருக்கு. அதை அழகுன்னு சொல்றோம். அதையே பேத்தி ‘டாட்டூ’ன்னு குத்திக்கிட்டு வந்தா, “கெட்டுப் போயிட்டா”ன்னு பேசுறோம். ரெண்டும் ஊசிதான், மைதான். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தையும் உழைப்பையும் அவள் தோலைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

ஆனால் சில விதிகளுக்குக் காரணம் உண்டு. இறால் பதப்படுத்தும் இடத்தில் வளையல், மூக்குத்தி, தோடு போடக் கூடாது என்பார்கள். அது நம்மை இழிவுபடுத்த இல்லை. கல்லோ திருகோ உணவில் விழுந்தால் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து. கோடெக்ஸ் என்ற உலக உணவு சுகாதார விதியும் இதையே சொல்கிறது. குழுவாகச் சேர்ந்து இறால் ஊறுகாய் போடும் நமக்கும் இது பொருந்தும்.

அடுத்தது சீருடை வேலை. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். நம் ஊர்ப் பெண்களுக்கும் பையன்களுக்கும் இது நல்ல வாய்ப்பு. ஆனால் அங்கே பச்சைக்கு எழுதி வைத்த விதி இருக்கிறது. சாமி உருவமோ, மதச் சின்னமோ, பெயரோ இருக்கலாம். முன்கையின் உள்பக்கம் என்றால் இடது கையில் மட்டும்தான் இருக்கலாம். வலது கை சல்யூட் அடிக்கிற கை. அளவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். 2022இல் வலது கையின் பின்பக்கம் பச்சை குத்தியிருந்த ஒருவரை மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். அவர் டெல்லி உயர் நீதிமன்றம் போனார். பச்சையை அழித்துவிட்டு மறுபடி பரிசோதனைக்கு வர நீதிமன்றம் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தது. குத்துவதற்கு அரை மணி நேரம் போதும். லேசரில் அழிக்கப் பல தடவை போகணும், செலவும் அதிகம், தழும்பும் நிற்கலாம்.

அதனால் திருவிழாக் கடையில் உட்காரும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எந்த வேலைக்குப் போகப் போறே, எந்தக் கையில் குத்தப் போறே என்று கேளுங்கள். ஊசி புதுசா என்றும் பாருங்கள். ஒருத்தருக்குக் குத்திய ஊசியால் இன்னொருத்தருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவலாம்.

காரணமே இல்லாத விதியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரப் பள்ளி ஒன்றில், தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தி மூக்குத்தி போட்டு வந்தாள். பள்ளி கழற்றச் சொன்னது. பெரிய மனுஷியானதும் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம் என்று தாய் வாதாடினார். வழக்கு நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. 2007இல் அந்தப் பெண் பக்கம் தீர்ப்பு வந்தது. சின்ன மூக்குத்தியால் பள்ளி ஒழுங்கு கெடாது என்று நீதிபதிகள் கண்டார்கள். அது பள்ளிக்கூடம்தான், ஆனாலும் வேலை இடத்துக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, மேலாளர் கழற்றச் சொன்னால் சண்டை வேண்டாம், பயமும் வேண்டாம். “எதுக்காக ஐயா? எழுத்தில் இருக்கா? எல்லாருக்கும் இதே விதிதானா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பாதுகாப்புக்கு என்றால் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். ஆளை மட்டம் தட்டுவதற்கு என்றால் தனியாக நிற்காதீர்கள், குழுவில் வந்து சொல்லுங்கள். சேர்ந்து பேசுவோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் கூட்டி வந்து இதைப் பேசுங்கள்.