விலக்கி வைக்கப்பட்ட நோயாளிகள்

மேடையில் வீற்றிருக்கும் என் ஆசிரியப் பெருமக்களே, இரவுப் பேருந்தில் வந்து இறங்கி அப்படியே அரங்குக்குள் நுழைந்திருக்கும் அரசு மருத்துவமனை நண்பர்களே, தம் முறை எப்போது வரும் என்று படபடப்போடு காத்திருக்கும் பட்ட மேற்படிப்பு மாணவர்களே, எல்லோரையும் வரவேற்கிறேன். தலைமை உரை நீண்டால் முதல் அமர்வு தேநீர் வேளையை விழுங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மயக்கவியல் மாநாட்டு மலரில் அச்சாகியிருக்கும் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு லாரிங்கோஸ்கோப்புக்கு எதிரே இன்னொரு லாரிங்கோஸ்கோப். முப்பது பேர் இந்தப் பக்கம், முப்பது பேர் அந்தப் பக்கம். மூச்சுப்பாதைக்குள் குழாய் போக எத்தனை விநாடி ஆயிற்று என்பது கேள்வி. இந்தக் கட்டுரைகளில் நான் முதலில் தேடிப் படிப்பது முடிவுரையை அல்ல, யாரை ஆய்வில் சேர்க்கவில்லை என்று சொல்லும் பத்தியை. வாய் சரியாகத் திறக்காதவர், குட்டைக் கழுத்துக்காரர், உடல் பருத்தவர், கர்ப்பிணி, சாப்பிட்ட வயிற்றோடு அவசர அறுவைக்கு வந்தவர். நள்ளிரவில் நம்மைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற எல்லோரும் அந்தப் பத்தியில் இருக்கிறார்கள். மிஞ்சுகிறவர்களுக்கு எந்தக் கருவியை எடுத்தாலும் குழாய் போட்டுவிடலாம்.

மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆய்வேட்டுக்குக் காலக்கெடு இருக்கிறது, நெறிமுறைக் குழு இருக்கிறது, சுலபமான நோயாளிகள் சீக்கிரம் கிடைக்கிறார்கள். தலைப்பைத் தேர்ந்து கையெழுத்துப் போடும் வழிகாட்டிகள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

குழாய் போடுவதை அளப்பதற்கும் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று அளப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 2023இல் வெளியான, அமெரிக்காவில் பல மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் சேர்ந்து நடந்த 'டிவைஸ்' ஆய்வு 1,417 பேரை எடுத்துக்கொண்டது. முதல் முயற்சியிலேயே குழாய் போட முடிந்தது வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் 85.1 சதவீதம், பழைய நேரடிக் கருவியில் 70.8 சதவீதம். சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி. அதே கட்டுரையில் இன்னொரு வரி இருக்கிறது: கடுமையான பாதிப்புகள் முதல் பிரிவில் 21.4 சதவீதம், இரண்டாவதில் 20.9. வீடியோ கருவி வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு தியேட்டரிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு ஆக்சிஜனோ ரத்த அழுத்தமோ ஆபத்தான அளவுக்கு இறங்குகிறதே, அந்தக் கணக்கைக் கேமரா அசைக்கவில்லை.

அளவீட்டைச் சரியாகப் படித்ததால் ஒரு துறையே பிறந்த கதை ஒன்று உண்டு. 1952 ஆகஸ்டில் கோபன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் சூறையாடியது. பிளெக்டாம் மருத்துவமனையில் இருந்தது ஒரே ஓர் இரும்பு நுரையீரலும், மார்புக் கவச வகைக் கருவிகள் ஆறும். முதல் மூன்று வாரங்களில் அந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் ரத்தத்தில் பைகார்பனேட் ஏறியிருந்தது. என்னவென்று விளங்காத காரத்தன்மை என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். தலைமை மருத்துவர் லாசன் வேறு வழியில்லாமல் மயக்க மருந்து நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் பியோர்ன் இப்சன். அவர் அதே எண்ணைப் பார்த்துவிட்டு, இது காரம் அல்ல, வெளியேற முடியாமல் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு என்றார். தியேட்டரில் தினமும் பையை அமுக்கிப் பழகியவருக்கு அது தெரிந்தது.

ஆகஸ்ட் 27ஆம் தேதி பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காட்டினார்கள். கழுத்தில் துளையிட்டுக் குழாயைச் செருகிய பிறகும் அவள் மூச்சோடு மல்லுக்கட்டினாள். இப்சன் எவ்வளவு அமுக்கியும் காற்று உள்ளே போகவில்லை. தயோபென்டோன் கொடுத்தார். அவளுடைய சொந்த மூச்சு நின்றது. அதன் பிறகுதான் பை அமுக்கினால் நெஞ்சு ஏறி இறங்கியது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேங்கிய வாயு குறைந்தது. அந்த ஊரில் அப்போது இதற்குப் போதுமான இயந்திரம் கிடையாது. ஏறக்குறைய 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் கையாலேயே பை அமுக்கினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே வந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்த வார்டிலிருந்து வந்ததுதான். இப்சன் புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் மேசைக்கு வருவோம். படுத்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. மூச்சு விட்ட பின் நுரையீரலில் தங்குவது இரண்டரை லிட்டர் அளவு. அதில் வெறும் காற்று இருந்தால், மூச்சு நின்ற பிறகு ஒரு நிமிடம் போலத் தாக்குப்பிடிப்பார். முழுக்க ஆக்சிஜனால் நிரப்பியிருந்தால் ஆரோக்கியமானவர் எட்டு நிமிடம் வரை தாங்குவார். கர்ப்பிணிக்கும் பருத்தவருக்கும் குழந்தைக்கும் இந்த இருப்பு மிகக் குறைவு. ஆக, முகமூடியைக் கசிவில்லாமல் மூன்று நிமிடம் பிடிப்பது நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய கால அவகாசம். அதை யாரிடம் ஒப்படைக்கிறோம்? பெரும்பாலும், அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த மாணவரிடம். 2024இல் வெளியான 'ப்ரீஆக்ஸி' ஆய்வு இந்த ஆக்சிஜன் நிரப்பலைத்தான் எடுத்தது. 1,301 பேர், எல்லோரும் மோசமான நிலையில் இருந்தவர்கள். குழாய் போடுவதற்கு முன் சாதாரண முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்தபோது 18.5 சதவீதத்தினருக்கு ஆக்சிஜன் ஆபத்தாக இறங்கியது. இறுக்கமான முகமூடி வழியாக அழுத்தத்தோடு கொடுத்தபோது 9.1 சதவீதம். சரிபாதி! எல்லா ஜி.எச்.சிலும் இருக்கும் வென்டிலேட்டரைக் கொண்டே செய்யக்கூடியது இது.

கஷ்டமான மூச்சுப்பாதையை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. இந்தியாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மல்லம்பட்டி 1985இல் எழுதிய கட்டுரையால் உலகமெங்கும் நோயாளிகள் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் 2015இல் வெளியான ஆய்வொன்றில் டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டிலிருந்து 1,88,064 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தபோது, குழாய் போடக் கஷ்டமாக இருந்தவர்களில் 93 சதவீதத்தினரை யாரும் முன்பே எதிர்பார்த்திருக்கவில்லை. கஷ்டம் என்று குறித்து வைத்தவர்களிலும் நான்கில் ஒருவருக்குத்தான் உண்மையில் கஷ்டமாக இருந்தது.

ஒரு வகை நோயாளியை மட்டும் நாம் தவறவிடவே முடியாது. பான்பராக்கும் குட்காவும் பாக்கும் மென்று மென்று கன்னத்தின் உட்புறம் தோல்வார் போல இறுகிப்போனவர். வாயைத் திறக்கச் சொன்னால் ஒரு விரல் நுழைகிறது. அதே வாயில் புற்று வந்து அறுவைக்கு வருகிறார். ஐரோப்பியப் பாடநூலில் இவருக்கு அரைப் பக்கம்கூட இருக்காது. நம் தியேட்டர்களில் அன்றாடம் பார்க்கும் முகம். அவரை மயக்காமலே மூக்கு வழியாக ஸ்கோப்பில் குழாயைக் கொண்டு போகிறோம். ரத்தக் கசிவு வராமலிருக்க சொட்டு மருந்து, லிக்னோகெயின் நெபுலைசர், ஸ்கோப் இறங்க இறங்கத் தெளிக்கும் மருந்து. திரையில் குரல்நாண்கள் மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்குகின்றன. "ஐயா, மூச்சை நல்லா இழுங்க" என்கிறோம். அவை விரிகிற அந்தக் கணத்தில் ஸ்கோப் உள்ளே போகிறது. கடைசி வரைக்கும் அவர் மூச்சை அவரே விடுகிறார் என்பதுதான் இதன் பாதுகாப்பு. எவ்வளவு தூக்க மருந்து தாங்கும், எத்தனை பேரிடம் முயற்சி தோற்கிறது, தோற்றால் அடுத்து என்ன செய்தோம்? இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். 2016இல் அகில இந்திய கடின மூச்சுப்பாதைச் சங்கம் நமக்கென்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அந்த நெறிகளுக்கு அடியில் நிற்க வேண்டிய நம் நாட்டுத் தரவு இன்னும் மெலிந்தே இருக்கிறது.

வென்டிலேட்டர் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 150 செ.மீ. உயரமும் 80 கிலோ எடையும் உள்ள அம்மாவுக்கு, எடையைப் பார்த்து ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு எட்டு மில்லி என்று வைத்தால் 640 மில்லி. உயரத்தை வைத்துக் கணக்கிட்டால் அவருக்குரிய எடை 43 கிலோதான். கொடுக்க வேண்டியது 350க்கும் குறைவு. எடை ஏறினால் நுரையீரல் வளர்வதில்லை. 2013இல் வெளியான, பிரான்சில் வயிற்று அறுவைக்கு வந்த 400 பேரிடம் நடந்த ஆய்வில், குறைந்த அளவு மூச்சும் மிதமான அழுத்தமும் பெற்றவர்களில் 10.5 சதவீதத்தினருக்குத்தான் பெரிய சிக்கல்கள் வந்தன. பழைய முறையில் 27.5. நம் தியேட்டர்களில் டேப் வைத்து உயரத்தை அளப்பவர் எத்தனை பேர்?

வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் பற்றி விவாதமே தேவையில்லை. பிரிட்டனின் நான்காவது தேசியத் தணிக்கை 2011லேயே சொல்லிவிட்டது: தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களிலும் மூளைச் சேதங்களிலும் பெரும்பான்மையில், அந்தக் கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணம். திரையில் அலை இல்லை என்றால் குழாய் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். வாங்கித் தராத நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இந்த இரண்டு நாள் அமர்வுகளுக்குத் தலைமை ஏற்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. கட்டுரை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஆக்சிஜன் எவ்வளவு வரை இறங்கியது, யாரை ஆய்வில் சேர்க்கவில்லை. வழிகாட்டிகளே, அடுத்த ஆண்டுக்கான தலைப்புகளைப் பிரித்துக் கொடுக்காமல் நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரே தலைப்பை எடுங்கள். வாய் திறக்காத ஆயிரம் பேரை ஒரே கல்லூரி சேர்க்க முடியாது, பல கல்லூரிகள் கைகோத்தால் முடியும். தோற்ற முயற்சிகளையும் பொதுப் பதிவேடு ஒன்றில் எழுதுங்கள். அந்தப் பதிவேட்டில் என்னென்ன பத்திகள் இருக்க வேண்டும் என்பதை நாளை மாலைப் பொதுக்குழுவில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டே ஊருக்குக் கிளம்புவோம். மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.